அத்திவார ஆண்டு

படிவத்தில் 'அடிப்படை ஆண்டு' என்று இருந்தாலும்
அண்ணனுக்கு அது அத்திவார ஆண்டு.
"நிலாவெளி மணலில் மூன்றடி தோண்டினாலே தண்ணி.
நீ ஒரு வருஷமாய்த் தோண்டுறாய்.
வீடு எப்ப வரும்?"
வலைக்கண் பொத்தியபடி சிரிப்பான்.

எட்டுக்கு மெய்யியல். பத்துக்கு அரசறிவியல்.
சோறு செமிக்க முதல் பொருளியல்.
மண்டபத்துக்கு ஒரு மின்விசிறி,
அதுவும் விரிவுரையாளர் தலைக்கு மேல்:
பற்றாக்குறைக்கு வேறு வரைவிலக்கணம் தேவைப்படவில்லை.

கோட்டை வாசலில் பஸ்ஸுக்கு நின்றபோது
'உரிமைகள்' அதிகாரத்தில் நாலு பக்கத்தை
மான் ஒன்று இழுத்துத் தின்றது.
போட்டோகொப்பி பக்கம் பத்து ரூபாய்.
துரத்தினால் சனம் ஏசும்.

சமூக ஒப்பந்தம் படித்த அன்று
கன்டீனில் மூன்று பேரும் யோசித்தோம்,
நாங்கள் எப்போது கையெழுத்து வைத்தோம் என்று.
"தெருவில நடந்தாலே சம்மதமாம்,"
கிண்ணியா சஹ்மிலா குறிப்பைப் பார்த்து வாசித்தாள்.
எந்தத் தெரு என்று
கந்தளாய் நுவந்த கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
தேத்தண்ணிக் காசை அவன் கொடுத்தான்.

போன திங்கள் 'இலவசப் பயணி.'
செலவில் சேராமல் பயனில் சேருகிறவன்
என்று சேர் பலகையில் எழுத
எனக்குச் சிரிப்பு முட்டியது.
முதல்நாள் ஞாயிறு, எங்கள் பாட்டில்
கம்பா இழுத்து எல்லோர் உள்ளங்கையும் உரிந்த பிறகு,
மடி கரையேறும் கடைசி நிமிஷம்,
தொப்பியோடு வந்து கயிற்றில் கை வைத்து
மனைவியைப் படமெடுக்கச் சொன்னவர்
இதே சேர்தான்.
சம்மாட்டிக்குப் பாதி, இழுத்தவனுக்கு மீதி,
அவருக்கு ஒரு பை சூடை.
பையை முடிந்து கொடுத்தது அண்ணன்.

கை உயர்த்தினேன்.
"கடைசியில் கை வைத்தவனுக்கும்
மீன் கொடுக்கிற கரையில்
இந்தக் கோட்பாடு நிற்குமா, சேர்?"
சோக்கை மெல்லக் கீழே வைத்தார்.
காது மட்டும் சிவந்தது.
"ஆயிரத்து ஐந்நூறு சொல்லில் எழுதுங்கோ."
சூடையா, பாரையா என்று
நுவந்த காதுக்குள் கேட்டான்.

ஆயிரத்து நானூறு வரை ஓடி வந்தது.
எங்கள் கரையின் பெருந்தன்மையைப் பக்கம் பக்கமாய் எழுதினேன்.
அதற்குள் அந்தப் பெடியன் வந்து நின்றான்:
மாசியில், வெறும் ஷொப்பிங் பையோடு,
கயிற்றின் நுனியைத் தொட்டவன்.
அண்ணன் கலைத்த கலையில்
ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினான்.

"அவனுக்கு ஏன் குடுக்கேல்ல?"

ஊசியை வாயில் கவ்விக்கொண்டான் அண்ணன்.
"அண்டைக்கு மீன் குறைவு."

பேந்து மூன்று கண் பொத்தி முடித்து,
என்னைப் பார்க்காமல்,
"அதையும் எழுது," என்றான்.