இவ்வளவுதானா

மோட்டாருக்கு நாலு போல்ட்.
நான் ரெண்டைக் கழற்றினேன்.
கழற்றிய பக்கம் வெறும் காற்று.
மறுபக்கம் குறுக்கே ஒரு முள்,
முள்ளுக்குக் கீழே லாரி டயரில் அறுத்த ரப்பர்.
மோட்டார் தன் கனத்தாலேயே சாய்ந்து
பெல்ட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டது.

கொண்டலாம்பட்டி அர்த்தநாரியின் ஏழாம் தறியில்
முதலில் மாட்டினோம்.
ஐப்பசி, ஈரத்தில் பெல்ட் நீண்டு வழுக்கும் மாசம்.
ராத்திரி பதினொன்றுக்குப் போன் செய்தார்:
"நிக்கவே இல்லம்மா, ஒரு தடவகூட."
விடிந்ததும் குனிந்து,
அடியில் கைவிட்டு முள்ளைத் தடவிப் பார்த்தவர்
"அட, இவ்வளவுதானா!" என்றார்.

நான் வாங்கிய பட்டங்களில் அதுதான் பெரியது.

ஐந்து வருசம் கழித்து
பேடன்ட் ஆபீசிலிருந்து பதினொரு பக்கம் வந்தது.
அதே சொல்தான்.
ஆச்சரியக்குறி கேள்விக்குறியாகியிருந்தது.

ஜெர்மன்காரர் ஒருவரின் பழைய தாளில் கீல் இருக்கிறதாம்,
ஜப்பான் தாள் ஒன்றில் ரப்பர்.
"துறையில் தேர்ந்த ஒருவர்"
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்
என் மோட்டார் தானே வந்து உட்கார்ந்துவிடுமாம்.

யார் அந்த ஒருவர்?
ஆள் இல்லை, சட்டத்தின் கற்பனை
என்றார் வக்கீல் மெஹருன்னிசா.
உலகத்துத் தாளெல்லாம் படித்திருப்பார்,
சொந்தமாக மட்டும் ஒன்றும் தோன்றாது.

ஏற்காடு எக்ஸ்பிரஸ் மேல் பர்த்தில்
விடிய விடிய அவரோடுதான் போனேன்.
கிரீஸ் போக எதில் கை கழுவுவார்,
சீயக்காயா, மண்ணெண்ணெயா?
அம்மாப்பேட்டையில் பெல்ட் அறுந்து
ஒரு பையனின் புருவத்தைக் கிழித்த அன்று
எந்தத் தாளில் இருந்தார்?

கோர்ட்டில் மாதிரியை மேசைமேல் வைத்தோம்.
அரசு வக்கீல் ஒரு விரலால் தட்டினார்.
ஆடியது, நின்றது.
"பார்த்தாலே தெரிகிறதே."
தெரியும்தான்.
முதல் மாதிரியில் ஸ்பிரிங் இரண்டு, திருகு ஒன்று,
நெம்புகோல் ஒன்று, அதற்கொரு பூட்டு.
ஒவ்வொன்றாய்த் தூக்கிப் போட மூன்று வருசமானது.
அந்தக் குவியலைச் சுமந்து வந்திருந்தால்
கொடுத்திருப்பார்களோ என்னவோ.

தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது.

ஊர் திரும்பிய நாலாம் நாள்
தாதகாப்பட்டி கேட் துளசிமணி ஆள் அனுப்பினார்.
புதுசாக ஒரு ஸ்டாண்ட் போட்டாராம்,
என்னமோ சரியில்லையாம்.

போய்ப் பார்த்தால் என் ஸ்டாண்ட்.
பச்சை பெயின்ட், அவர் கம்பெனி பெயர்.
சுவிட்சைப் போட்டதும்
மோட்டார் உதறித் தறிப்பக்கமே சாய்கிறது,
பெல்ட் தொளதொளத்துக் கழன்று விழுகிறது.
முள்ளை எதிர்ப்பக்கம் வைத்திருக்கிறார்.

கண்ணெதிரே என் சாமான்,
கையில் வெர்னியர், இருபது வருசத் தொழில்.
சென்னை வரை தேடிப் போனேனே
அந்த ஒருவர்,
இங்கே லுங்கியை மடித்துக்கட்டி நிற்கிறார்.

முள்ளைத் தட்டி உருவி மறுபக்கம் ஏற்றினேன்.
தறி பிடித்துக்கொண்டது.
துளசிமணி குனிந்து பார்த்தார்.
"இவ்வளவுதானா?"

ஐநூறு ரூபாய் என்றேன்.
ரசீதுப் புத்தகத்தில் கார்பன் வைத்துத் தேதி போட்டு
'முள் இடம் மாற்றியது' என்று எழுதி
கீழே அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டேன்.