உப்பின் அளவு

டிராம் ஓட்டும் ரோஸ்வித்தாவின் உல்ம் நகரப் படத்தில்
தேவாலயக் கோபுரம் கிடையாது, டான்யூப் கிடையாது.
ஏழு கழிப்பறைகள் மட்டும்.
எது ஆறு மணிக்கே பூட்டும், எதற்குச் சில்லறை வேண்டும்,
எந்தப் பேக்கரிக்காரி முகம் சுளிக்காமல் சாவி தருவாள்.

ஒருநாள் பாலத்தின் நடுவே சிக்னல் சிவப்பில் நின்றுவிட்டது.
முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர்.
அன்றிரவு சீருடையைக் கையால் அலசினாள்,
மெஷின் சும்மா கிடக்க.
நான் எதுவும் கேட்கவில்லை.

நான் கசாப்புக்காரன். பை எனக்குப் புதிதில்லை.
பன்றியின் பையைக் கழுவி, ஊதி, உலர்த்தி,
இறைச்சி அடைத்துத் தைத்திருக்கிறேன்.
வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்க விரல் தெரியும்,
அவ்வளவு மெல்லிசு.
அதில் இருபது இடத்தில் ஊசி என்றார் டாக்டர் எர்கின்.
மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டு
என் கடைத் துணிப்பையில் அச்சிட்ட படத்தைப் பார்த்தார்.
"உங்கள் தொழில் கொடுத்த பெயர்தான்.
லத்தீனில் சாசேஜ்."

எனக்கா தெரியாது?
தொழில் தேர்வில் முதல் கேள்வியே அது:
காற்றுப் புகாத குடலுக்குள் விளையும் நஞ்சு எது,
கிலோவுக்கு உப்பு எத்தனை கிராம்.
முப்பத்தோரு வருஷம் அது என் கடைப்படி ஏறாமல்
காவல் இருந்தேன்.
இப்போது இன்சூரன்ஸ் காசில்
என் வீட்டுக்காரிக்குள் விடுகிறார்கள்.

எட்டாம் நாள் அடியோடு அடைத்துக்கொண்டது.
குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்,
தண்ணீர் தண்ணீரைக் கூப்பிடும் என்று.
கூப்பிடவில்லை.
பென்சிலைவிட மெல்லிய குழாய் ஒன்றைத்
தானே செருகிக்கொள்ள நர்ஸ் சொல்லித்தந்தாள்.
கைக்கண்ணாடி பிடித்தது நான்.
"ஆட்டாதே எபர்ஹார்ட், சாவித்துவாரமே தெரியவில்லை"
என்று சிரித்தாள்.
கண்ணாடி இன்னும் ஆடியது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை
சொல்லாமல் அவள் டிராமில் ஏறினேன், கடைசிப் பெட்டியில்.
பேக்கரி வந்தது. கதவு திறந்தது, மூடியது.
பேக்கரிக்காரி ஜன்னலில் சாவியைத் தூக்கிக் காட்டினாள்,
வழக்கம்போல.
ரோஸ்வித்தா மணியை ஒருமுறை தட்டிவிட்டுக் கடந்தாள்.

ஒன்பது மாதம் தாங்கலாமாம்.
அப்புறம் நரம்பு மெல்ல விழித்து
பழைய அவசரத்தைத் திரும்பக் கற்றுக்கொள்ளும்.
காலண்டரில் ஜூலைப் பக்கத்தில் பென்சிலால்
ஒரு புள்ளி வைத்திருக்கிறாள்.
எனக்கு கிரில் சாசேஜ் ஆர்டர் குவியும் மாதம்.

கடையில் இன்றும்
உப்பை இரண்டு முறை நிறுக்கிறேன்.