அளவுக்கு வராதது

ஊசி பன்னிரண்டு இடத்தில் குத்தியது.
பதினொன்றில் ஒன்றுமில்லை.
ஒன்றில் மட்டும் இத்தனூண்டு
என்றார் டாக்டர் வுலெட்,
சுண்டுவிரல் நகத்தின் ஓரத்தைக் காட்டி.
இப்போதைக்குத் தொட வேண்டாம், கவனிப்போம்.

எல்வுட் தலையாட்டினான்.
வெர்னா ஆட்டவில்லை.

பேங்கரிலிருந்து ஸ்டோனிங்டன் திரும்பும்
ஒன்றரை மணி நேரமும்
வண்டியில் ஹீட்டர் மட்டும் பேசியது.
பாலம் தாண்டியதும் அவள் கேட்டாள்:
வீட்டுக்குள் பாம்பு. சின்னதுதான்,
தூங்கட்டும் என்கிறாரா அந்த மனுஷர்?

அவன் அவளுடைய அண்ணன் லைலை நினைத்துக்கொண்டான்.
அறுத்து எடுத்தாயிற்று, சுத்தம், கைகுலுக்கல்.
இரண்டு வருஷமாக சர்ச்சில்
கதவோரத்து பெஞ்சில்தான் உட்காருகிறான்.
ட்ரக்கில் எப்போதும் ஒரு மாற்று பேண்ட்.

இன்னொரு சோதனை இருக்கிறதாம்.
அதே துணுக்கைக் கலிபோர்னியாவுக்கு அனுப்பி
அதன் மரபணுக்களிடம் விசாரிப்பார்கள்:
நீ சோம்பேறியா, அவசரக்காரியா?

பதிலுக்கு மூன்று வாரம்.
மூன்று வாரமும் அவன் கூண்டு இழுத்தான்.
ஒவ்வொரு சிங்கி இறாலின் முதுகிலும்
பித்தளை அளவுகோல்.
கண்குழியிலிருந்து ஓட்டின் விளிம்புவரை
மூன்றேகால் அங்குலம்;
மயிரிழை குறைந்தாலும் கடலுக்கு.
நாற்பத்தோரு வருஷமாக
யோசிக்காமல் வீசிய கை
அன்றைக்கு ஒன்றை வீசாமல் பிடித்திருந்தது.
அது வாலால் மணிக்கட்டில் அறைந்தது.

உவமை பொருந்தவில்லை என்று
அவனுக்கே தெரிந்தது.
இதை வளர்ந்து வா என்று விடுகிறோம்.
அதை வளராதே என்று.

எண் வந்தது. நூற்றுக்குப் பத்தொன்பது.
குறைவுதான், என்றார் டாக்டர்,
அடுத்த ஊசியைத் தள்ளிப்போடலாம்.
ஆறு மாதத்துக்கொரு முறை ரத்தம்,
அடுத்த இலையுதிர் காலத்தில் ஸ்கேன்,
கோடு நிமிர்ந்தால் அப்போது பேசுவோம்.
சும்மா இருக்க இத்தனை வேலையா என்றான் எல்வுட்.
டாக்டர் சிரித்தார்.

பூஜ்யம் என்று சொல்லும் சோதனை எது?
வெர்னா கேட்டாள்.

அப்படி ஒன்று இல்லை.
எனக்கும் இல்லை, என்றார்.

அந்தப் பதில் ஏனோ அவளுக்குப் பிடித்திருந்தது.
திரும்பும் வழியில் பாலத்துக்கு முன்பே
வானிலையைப் பற்றி ஏதோ சொன்னாள்.

இப்போது இரவில் அவன் எழுந்து போகும்போதெல்லாம்
கண்ணைத் திறக்காமல் எண்ணுகிறாள்.
முந்தாநாள் மூன்று. நேற்று இரண்டு.
எந்த ஆஸ்பத்திரியும் கேட்காத கணக்கு.
விடிந்ததும் சமையலறைச் சுவரில்
ஓதப் பட்டியலின் ஓரத்தில்
பென்சிலால் சின்னதாகக் குறிக்கிறாள்,
அவன் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருக்கும்போது.