குறைந்தது மூன்று பேர்

உப்புவெளியில் மாடி அறை.
நாற்காலியைத் திருப்பிப் போட்டால் கடல் தெரியும்.
திருப்பிப் போடுவதில்லை.
காலை ஏழரைக்கு முன்னமே
நேற்றிரவு உலகம் செய்ததெல்லாம்
திரையில் வந்து நிற்கும்:
திகதி. இடம். தரப்பு ஒன்று. தரப்பு இரண்டு.
இறந்தோர்.
ஆதாரம்.

நான் கால் வைக்காத ஐந்து நாடுகள் என் பொறுப்பில்.
அவற்றின் பொலிஸ் நிலையங்களை
எங்கள் குறுக்குத் தெருக்களைவிடப் பிழையில்லாமல் எழுதுவேன்.
இன்றைக்கு ஒரு சந்தையில் குண்டு.
வானொலி பதினொன்று என்கிறது, அமைச்சு நான்கு என்கிறது.
குறைந்ததை எழுது, இது விதி.
மீதி ஏழு பேரைக் குறிப்புக் கட்டத்தில் இறக்கிவிட்டேன்
பஸ்ஸில் இடமில்லாத சனத்தைப் போல.

'பலர்' என்று மட்டும் செய்தி வந்தால்
அதற்கும் ஓர் எண் வைத்திருக்கிறார்கள்.
பலர் என்றால் பத்து.
அதை முடிவுசெய்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று
எந்தக் கட்டத்திலும் இல்லை.

இடம் தெளிவில்லையா,
மாகாணத் தலைநகரில் புள்ளி வை.
அதனால்தான் காட்டுக்குள் செத்தவர்கள்
என் வரைபடத்தில்
ஆளுநர் மாளிகை வாசலில் கிடக்கிறார்கள்,
ஒருவர்மேல் ஒருவராய்,
பெரிதாக்கிப் பார்த்தாலும் பிரியாத ஒரே புள்ளியாய்.

இலங்கை நிஸ்மியாவின் பங்கு.
கிண்ணியாவிலிருந்து மத்தியானம் எழுதினாள்:
கச்சேரியடிக் கொட்டகை இன்னும் இருக்கா?
பத்திரிகைகள் போடுறதை விட்டுட்டுது.
மூணு பேருக்குக் குறைஞ்சா போராட்டமெண்டு பதிய ஏலாது.
ஒருக்காப் பாத்துச் சொல்லேன்.

ஸ்கூட்டியில் பத்து நிமிடம். ஒரு வருசமாய்ப் போகாத பத்து நிமிடம்.

தகரம் கொதித்தது. கதிரைகள் நான்கு.
பவளராணி ஒன்றில், மரியசீலி ஒன்றில்.
மூன்றாவதில் தண்ணீர்ப் போத்தல்.
நான்காவதில் ஆரும் இருப்பதில்லை, கால் ஆடும்.
இராசமலர் மார்கழியில் போய்விட்டாவாம்.
தேடப்பட்டவனின் படத்துக்குப் பக்கத்தில்
தேடியவவின் படத்தையும் கொழுவியிருக்கிறார்கள்.
மகன் இருபத்திரண்டு வயதில் நிற்கிறான்,
தாய் அவனுக்குப் பேத்தி முறைக்காரி போல
கண்ணாடிக்குப் பின்னால் வெட்கப்படுகிறா.

கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
பதாகை மட்டையில் வாய் வைத்து
'எங்கே' என்பதன் கடைசி எழுத்தை மென்றுகொண்டிருந்தது.
'விடு பிள்ளை,' என்றா பவளராணி,
'விசாரிக்க வாற ஆக்களைவிட இது ஒழுங்கா வருது.'

பிறகு பாங்கு பூட்டமுதல் போய்வர வேண்டும் என்று
என்னை அந்தக் கதிரையில் இருத்திவிட்டுப் போனா.
அவ எழும்ப, நான் இருக்க,
இப்பவும் இரண்டு.

நிஸ்மியா: எத்தனை பேர்?
தட்டினேன், அழித்தேன்.
நான் இருந்தால் நான் தரப்பா, ஆதாரமா?
எழும்பி நின்றால் மட்டும் சாட்சியா?
கையேட்டில் இதற்குப் பக்கமில்லை.
றோட்டில் போன மோட்டார்சைக்கிள்காரன்
எங்களைப் பார்த்தான், அல்லது மானைப் பார்த்தான்.

'ஆரோட கதைக்கிறாய்?' மரியசீலி.
'வேலை விசயம்.'
'என்ன வேலை?'
'எண்ணுறது.'
அவ சிரிக்கவில்லை.
கரும்பலகையை எட்டி, நேற்றைய எண்ணின் ஏழைச்
சேலைத் தலைப்பால் துடைத்து
எட்டு எழுதினா.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு.
கீழ்வளையம் பொருந்த முதல்
வெண்கட்டி நகமளவுக்குத் தேய்ந்துபோயிற்று.

பவளராணி ஐஸ்பழம் மூன்றோடு திரும்பிவந்தா.
உருகமுதல் தின்று முடிக்கும் வரை
மூன்று பேர்.
மணி மூன்று இருபதிலிருந்து மூன்று இருபத்தாறு வரை.
குச்சியை எங்கே போடுவதென்று தெரியாமல் கையில் வைத்திருந்தேன்.

'நாளைக்கும் இந்தப் பக்கம் வருவியோ?'
தெரியாது என்றேன்.
'வந்தா வெண்கட்டி ஒரு பெட்டி வாங்கிவா.
சின்னப் பெட்டி காணாது.'