விபத்து மட்டும்

ரங்காபுரம் திருப்பத்தில்
ஷேர் ஆட்டோ ஏறி இறங்கியது
மிக்சரின் பின்னங்காலில்.
அது விபத்து.
தஸ்தகீர் பாய் கேட்டதெல்லாம் கொடுத்தேன்:
எக்ஸ்ரே, பில், ஆட்டோ நம்பர்,
நாயின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.
நாற்பத்தோராம் நாள் பணம் வந்தது.
தொடைக்குள் ஒரு தகடு, ஆறு திருகாணி.
பழையபடி ஓடியது என்றால் பொய்.
காற்றிறங்கிய மொபெட் மாதிரி
ஒருபக்கமாய்ச் சாய்ந்து,
ஆனாலும் பால்காரரைத் துரத்தியது.

சித்திரை வெயிலில்
தண்ணீர்க் கிண்ணத்தை மோந்துவிட்டுத்
திரும்பிப் படுத்துக்கொண்டது.
சிறுநீரகம், என்றார் டாக்டர் எஸ்தர்.

போனில் பாய்: "எப்ப ஆச்சு?"
எப்ப என்று இல்லை பாய்,
கொஞ்சம் கொஞ்சமா ஆயிக்கிட்டே இருந்திருக்கு.
"அப்ப அது நோயிம்மா."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு, குரலைத் தாழ்த்தி:
"எங்கயாச்சும் விழுந்துச்சா?
மாடிப்படி, கீடிப்படி?"

எனக்காக அவர் தேடிய படி.
எங்களுடையது ஒட்டு வீடு,
மாடியே கிடையாது.

மலையடியில் குழி தோண்டினோம்.
இரண்டு சாண் போனதும்
கடப்பாரையில் நெருப்புத் தெறித்தது.
"இன்னாக்கா, அடி முழுக்கக் கல்லா கீது"
என்றான் கோதண்டம்.
அதற்குமேல் இறங்கவில்லை.
பக்கத்திலிருந்து மண் வாரிப் போட்டு மேடாக்கினோம்.

நேற்று மெசேஜ்:
பாலிசி முடிய ஏழு நாள்,
உடனே புதுப்பிக்கவும்.

பாய்,
நீங்கள் பணம் கொடுத்த பாகத்துக்கு
ஒன்றும் ஆகவில்லை.
துருப்பிடிக்காத இரும்பாம்.
ஆறு திருகாணியும்
அப்படியே இருக்கும்.