தட்டுத் தண்ணீர்

பாகலூர் சாலை, மூன்றாவது குறுக்குத் தெரு.
நாளொன்றுக்கு ஐம்பது வீடு என் கணக்கு.
டார்ச், கரண்டி, சாக்பீஸ்,
கழுத்தில் மாநகராட்சி அட்டை.
நாய்கள் அட்டையைப் படிப்பதில்லை.

பதினேழாம் வீடு.
நாகவேணி மேடம் நாயைத் தெலுங்கில் அடக்கி
என்னிடம் தமிழில் சொன்னார்:
"எங்க வீட்ல கொசுவே கிடையாதும்மா."
பால்கனிக்குக் கூட்டிப் போனார்.
எலுமிச்சைப் புல், துளசி, திருநீற்றுப்பச்சை,
நர்சரியில் இருநூற்றைம்பது கொடுத்து
பேரை மறந்துபோன ஏதோ ஒன்று.
எல்லாமே கொசுவுக்கு ஆகாதவையாம்.
ஓர் இலையைக் கசக்கி
என் மூக்கருகே நீட்டினார்.
மணந்தது. பொய் சொல்லக் கூடாது.
காலையிலிருந்து சாக்கடை மட்டுமே பார்த்த மூக்கு
கொஞ்ச நேரம் வேலையை மறந்தது.

பிறகு குனிந்தேன்.

தொட்டிக்கு அடியில்
டைல்ஸ் கறைபடாதிருக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு.
அதில் ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர்.
வெளிச்சம் பட்டதும்
காற்புள்ளிகள் துடித்து அடியில் இறங்கின.

"துளசிக்கு அடியிலேயா?" என்றார்,
துளசியைப் பார்த்து.

துளசி என்ன செய்யும்?
இங்கே உட்காராதே என்று
ஒருவேளை இலை சொல்லலாம்.
காலடியில் பிறக்காதே என்று சொல்ல
வேருக்கு வாய் ஏது?

வெயில் காயும் சிமென்டில் கவிழ்த்தேன்.
"முட்டை ஒட்டிக்கிட்டிருக்கும், தேய்ச்சுக் கழுவுங்க,
வாரா வாரம்" என்றேன்.
நிலையில் தேதி எழுதினேன்.
கிளம்பும்போது திருநீற்றுப்பச்சையில்
ஒரு கொத்து ஒடித்துத் தந்தார்.
அபராதத்துக்குப் பயந்தா, அன்பாலா,
இரண்டுக்கும் ஒரே மணம்.

அலசநத்தத்தில் எங்களுக்கு ஒற்றை அறை.
பால்கனி இல்லை.
நான்கு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீருக்காக
டிரம் இரண்டு, வாயில் துணி கட்டி.
பெயிண்ட் டப்பாவில் நொச்சி புகைகிறது.
கொசுவோடு சேர்ந்து நாங்களும் இருமுகிறோம்.

முனிராஜ் அந்தக் கொத்தை
கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி நட்டு
ஜன்னலில் வைத்திருக்கிறான்.
எட்டு நாளில் வேர் விடுமாம், டீச்சர் சொன்னாராம்.
எட்டு நாளில் வேறென்ன ஆகுமென்று
எனக்குத் தெரியும்.

"தினமும் தண்ணி மாத்துடா."

"நீயே மாத்தும்மா. உன் வேலதானே அது?"

டம்ளருக்குப் பக்கத்துச் சுவரில்
சாக்பீஸால்
இன்றைய தேதியை எழுதினேன்.