சாணை அறை

ஷிப்ட் முடிந்ததும்
இருநூற்றுப் பன்னிரண்டு கத்திகள் வரும் எனக்கு,
மஞ்சள் கூடைகளில், கொழுப்பு வழுக்க.
முகங்கள் வருவதில்லை.
கண்ணாடிக்கு அப்பால்
பத்து டிகிரிக் குளிரில் கோழிகளும் அவர்களும்;
இப்பால் நானும், ஈரக் கல்லும்,
ஆறிப்போன மாத்தேக் குடுவையும்.
வெளியே சாந்தா கத்தரீனாவின் மழை.

கைகளைத் தெரியும்.
பதினேழு, இவோனெத்தி. பிடியருகே மட்டும் தேயும்:
வலக்கைக்காரர்களுக்குப் போட்ட மேசையில் இடக்கைக்காரி.
எண்பத்து மூன்று, யுஸ்மாரி.
வந்த புதிதில் எலும்பில் மோதி மோதி
ரம்பமாய்த் திரும்பிய கத்தி;
எலும்பு எங்கே என்று இப்போது அதற்கே தெரியும்.
நாற்பத்தொன்று, மிர்லாந்த்.
ஹைட்டியிலிருந்து வந்தவள்.
நுனிமுதல் பிடிவரை ஒரே சீராக மழுங்கும்,
கோடு போட்ட மாதிரி.
அப்படி ஒரு கை.

மழுங்கிய கத்தி வெட்டாது என்பார்கள்.
வெட்டும்.
மணிக்கட்டுக்குள் போய், நரம்பை.

ஜூனில் சங்கிலியின் வேகத்தைக் கூட்டினார்கள்.
எனக்கு யாரும் சொல்லவில்லை,
கூடை சொன்னது.
நாற்பத்தொன்றின் நுனி மட்டும் உருண்டு வந்தது:
விரல்கள் மடங்கவில்லை, முஷ்டியால் குத்துகிறாள்.
நான் என்ன செய்தேன்?
அவள் கத்தியை முதலில் தீட்டினேன்.
தோல்வாரில் இரண்டு இழுப்பு கூடுதல்.
கருணை என்றுதான் நினைத்தேன்.
சங்கிலி அதையும் வாங்கிப் போட்டுக்கொண்டு
இன்னும் கொஞ்சம் ஓடியது.

ஆகஸ்டில் லேபர் இன்ஸ்பெக்டர் வந்தார்,
ஸ்டாப்வாட்சோடு.
இருபது நிமிட ஓய்வு
அன்று இருபது நிமிடமாகவே இருந்தது.
ஓய்வறையில் ஆரஞ்சு கூட வைத்தார்களாம்.
சங்கிலி புதுமாப்பிள்ளை போல் நடந்தது.
வேகம் சரி என்று எழுதிக்கொண்டு போனார்.

அன்று மாலைக் கூடையில்
இருநூற்றுப் பன்னிரண்டும்
காலையில் போன பதத்திலேயே.
தீட்ட ஒன்றுமில்லை.
ஆறு மணிக்கே வீட்டு வாசலில் நின்றேன்.
வேலை போய்விட்டதா என்றாள் மனைவி.

அதிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்.
தேதி, எண், தேய்வு மில்லிமீட்டரில்.
இன்ஸ்பெக்டர் வந்த நாளுக்கு நேரே
வரிசையாகப் பூஜ்யம்.
சங்கத்து வால்மோரிடம் காட்டலாம்.
காட்டினால் யார் எழுதியது என்பார்கள்;
இங்கே சாணைக்காரன் ஒருவன்தான்.
நோட்டு மாத்தே டப்பாவுக்குள் இருக்கிறது.

நேற்று நாற்பத்தொன்று வந்தது.
விளக்கில் பிடித்துப் பார்த்தேன்:
விளிம்பெங்கும் பற்கள்,
எலும்பில் மோதி மோதி.

புதுக் கை.